நிதி அறிவு வகுப்பு: எந்த வயதுக்கு எதைச் சொல்லித் தருவது?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணம் பற்றிய வகுப்பு நடத்தப் போகிறார். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுவினர், வயதானவர்கள் என எல்லாரும் வருவார்களாம். சேமிப்பு, வரவு செலவு, காப்பீடு, முதலீடு என்று ஒரே பாடத்தை எல்லாருக்கும் வைக்கலாமா, ஆளுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. முடிவில் தேர்வும் சான்றிதழும் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஐயா, மாற்றத்தான் வேண்டும். ஆனால் வயதை மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கைக்கு அடுத்த மூன்று நான்கு மாதத்தில் என்ன பணம் வரப்போகிறது, எந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போடப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். அதுதான் அன்றைய பாடம். முன்னோடி வங்கி சார்பில் கிராமங்களில் நிதிசார் கல்வி முகாம்களைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2014-இல் மூன்று ஆய்வாளர்கள் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணத்தைக் கையாளுவதில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தைத்தான் நிதி வகுப்புகளால் விளக்க முடிந்தது. மணிக்கணக்கில் நடத்திய வகுப்புகளின் பலன்கூட 20 மாதங்களில் கரைந்துவிட்டது. முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லித் தருவதே மேல் என்று அவர்கள் எழுதினார்கள். 2022-இல் 76 பரிசோதனைகளைத் தொகுத்த இன்னொரு ஆய்வு, வகுப்புகளால் நல்ல பலன் உண்டு என்று காட்டியது. ஆகவே வகுப்பே வீண் என்று நினைக்க வேண்டாம். பத்து வருடம் கழித்துத் தேவைப்படும் சங்கதியை இன்று சொன்னால் நிற்காது, நாளைக்குத் தேவைப்படுவதைச் சொன்னால் நிற்கும். என் அனுபவமும் இதுதான்.

இன்னொன்று, மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கில் இருந்து தொடங்குங்கள். நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வட்டிக் கணக்கு தெரியும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் 'ரெண்டு வட்டி'. மொய் நோட்டைப் பத்திரமாக வைத்து, யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று வருடக்கணக்காக நினைவு வைத்திருக்கும் மக்களிடம் போய் 'உங்களுக்கு நிதி அறிவு இல்லை' என்ற தொனியில் பேசினால் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். வராமல் இருப்பது நியாயமும்கூட. அவர்களுக்குப் பழகாதது வங்கியின் பேச்சு. வங்கி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று சொல்வதும் ஊரில் ஒரு வட்டி என்று சொல்வதும் ஒன்றே. 24 சதவீதம் ரெண்டு வட்டி. இந்த மாற்றுக் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். வங்கி நகைக்கடன், குழுக் கடன், தினம் வசூலிக்கும் தண்டல் கடன் எல்லாம் ஒரே தராசுக்கு வந்துவிடும்.

சரி, இனி ஆள் ஆளாக வருவோம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்ல வேண்டாம். பள்ளியிலேயே சஞ்சாயிகா சேமிப்புக் கணக்கில் காசு போட்ட தலைமுறை நாம். அதில் நமக்குக் கிடைத்தது வட்டி பற்றிய பாடமல்ல, நம் பெயரில் ஒரு புத்தகம் இருக்கிறது என்ற உணர்வு. இன்று பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கி, வங்கி வைக்கும் வரம்புக்குள் தானே இயக்கலாம். அதைச் செய்ய வையுங்கள், படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். அத்துடன், வீட்டு மளிகைச் சீட்டை ஒருமுறை எழுதி விலை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பங்குச் சந்தை, கூட்டு வட்டிச் சூத்திரம் எல்லாம் அந்த வயதில் தேர்வுக்குப் படிக்கும் பாடமாகத்தான் போகும்.

கல்லூரி மாணவர்கள் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று தொடங்கிய திட்டங்களால், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன லட்சக்கணக்கான பிள்ளைகளின் சொந்தக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. பல வீடுகளில் பெண் பிள்ளையின் பெயரில் வந்த முதல் பணம் அதுதான். ஆகவே இவர்களிடம் 'வருமானம் வரும்போது' என்று எதிர்காலத்தில் பேசாதீர்கள். இந்த ஆயிரத்தை வைத்தே பேசுங்கள்.

இந்த வயதில் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலான பாடத்திட்டங்களில் அது இல்லை: கணக்கை வாடகைக்கு விடுவது. 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, உனக்கு இரண்டாயிரம்' என்று நண்பனின் நண்பன் யாராவது கேட்பான். ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் கொடுத்தால் போதும் என்பான். வருவது எங்கேயோ ஒரு முதியவரை ஏமாற்றிய பணமாக இருக்கும். காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். படிப்பு, வேலை, கடவுச்சீட்டு எல்லாமே சிக்கலாகிவிடும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யூ.பி.ஐ. ரகசிய எண்ணைப் பணம் அனுப்பத்தான் போட வேண்டும், பணம் பெறுவதற்கு எந்த எண்ணும் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்விக்கடன் வாங்கியிருப்பவர்களுக்கு, படிக்கும் காலத்தில் தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது தெரிய வேண்டும். முடிந்தவர்கள் அந்த வட்டியை மட்டுமாவது அவ்வப்போது கட்டிவந்தால் பிற்பாடு பாரம் குறையும்.

முதல் வேலைக்குப் போகிறவர்களைச் சம்பளச் சீட்டோடு வரச் சொல்லுங்கள். நேர்காணலில் சொன்ன தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் இடையில் இருப்பது என்ன என்பதே முதல் பாடம். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் 1,800 போடுவார். ஆனால் அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், 550 மட்டுமே பி.எஃப். கணக்கில் சேரும். சேமிப்பேட்டைப் பார்த்து 'முதலாளி காசு குறைகிறது' என்று பதறுகிற பிள்ளைகள் நிறைய. வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்கு முன் எடுத்தால் வருமான வரியும் உண்டு.

அப்புறம் பைக். நம் ஊர் இளைஞன் போடும் முதல் பெரிய கையெழுத்து பெரும்பாலும் அதுதான். கடைக்காரர் 'பத்து சதவீத வட்டிதான்' என்பார். அது பிளாட் வட்டி. ஒரு லட்சம் கடன், மூன்று ஆண்டு என்றால் 30,000 ரூபாயைக் கூட்டி 36-ஆல் வகுத்து மாதம் 3,611 ரூபாய் என்று தவணை போடுவார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முதல் நாள் அசலுக்கே கடைசி வரை ஓடுகிறது. உண்மையில் அது ஆண்டுக்கு 18 சதவீதம், ஒன்றரை வட்டி. இப்போது இதைக் கண்டுபிடிக்கக் கணக்குப் புலியாக இருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவும் வேண்டும். வகுப்பில் அந்தத் தாளின் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். கடன் பற்றி நான் தெரிந்தவரை இதைவிட உருப்படியான பதினைந்து நிமிடப் பாடம் கிடையாது.

பையன்கள் பலர் ஆப்ஷன் வர்த்தகம் பற்றி, அதாவது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற வியாபாரம் பற்றிக் கேட்பார்கள். உபதேசம் வேண்டாம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கை மட்டும் சொல்லுங்கள். மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போன தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

அடுத்து மகளிர் குழுவினர். உங்களுக்கு மிகவும் பயன் தரப்போவதும், உங்களுக்கே கற்றுத்தரப் போவதும் இவர்கள்தான். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய குழு முறை இன்று தமிழகம் முழுவதும் பரவியிருக்கிறது. ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மான நோட்டு, ரொக்கப் பதிவேடு, கடன் பேரேடு என்று எழுதிப் பழகியவர்கள். சேமிப்பின் அவசியம் பற்றி இவர்களிடம் பேசுவது நேர விரயம். இவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் வாங்கும் கடனில்: வங்கி இணைப்புக் கடன், தனியார் நிறுவனத்தின் குழுக் கடன், தண்டல், நகை அடகு.

தண்டலை இப்படி விளக்குங்கள். நூறு புளியங்கொட்டையை நடுவில் வையுங்கள். 10,000 ரூபாய் தண்டலில் தண்டல்காரர் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒருவர் ஒவ்வொரு கொட்டையாக எடுத்து மறுபக்கம் வைக்கட்டும். ஐம்பதாவது கொட்டையில் நிறுத்தி, 'இப்போது அவருடைய பணம் உன் கையில் எவ்வளவு இருக்கிறது?' என்று கேளுங்கள். 5,000 திருப்பிக் கொடுத்தாயிற்று. வாங்கிய 8,500-இல் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம். நூறு நாளும் பத்தாயிரம் நம்மிடம் இருந்ததாக நினைத்தால் 1,500 ரூபாய் சிறிதாகத் தெரியும். சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம்தான் கையில் இருந்தது என்று புரியும்போது, அது ஏறக்குறைய பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம் என்பது தானாக விளங்கும். இந்த இடத்தில் ஒரு சில நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். அவசரப்படாமல் விட்டுவிடுங்கள்.

ஆனால் தண்டல் வாங்குகிறவரை முட்டாளாக்கும்படி ஒரு சொல் வந்துவிடக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்குக் காய்கறி எடுக்கப் பணம் வேண்டும், எந்த வங்கி அப்போது திறந்திருக்கிறது? தண்டல்காரர் காகிதம் கேட்காமல் தருகிறார், வாங்குகிறார்கள். எனவே மாற்று வழியைக் கையோடு கொண்டுபோங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2020 முதல் பி.எம். ஸ்வநிதி கடன் உண்டு, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் அடுத்த முறை பெரிய கடனும் கிடைக்கும். குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனே ஒரு வட்டி, ரெண்டு வட்டிக்குள் முடிந்துவிடும், அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வரும். தனியார் குழுக் கடன் பெரும்பாலும் 20 முதல் 26 சதவீதம் வரை, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு வட்டி. இதில் ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி ஒன்றை எல்லாருக்கும் சொல்லுங்கள்: ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் கொடுப்பவர்கள் அதை மதிக்கிறார்களோ இல்லையோ, வீட்டில் உட்கார்ந்து தானே போட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்.

சிறு கடை, தையல், இட்லி மாவு வியாபாரம் செய்பவர்களுக்குக் கணக்குப் பதிவியல் சொல்லித்தர ஆசை வரும். வேண்டாம். டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளிடம் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு சாராருக்கு முறையான கணக்குப் பதிவு, இன்னொரு சாராருக்கு 'கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியாக வை' என்பது போன்ற எளிய விதிகள். முதல் சாராரிடம் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை, இரண்டாம் சாராரின் பழக்கம் மேம்பட்டது. இரண்டு சுருக்குப்பை போதும். கடைப்பையிலிருந்து வீட்டுக்கு எடுப்பதை வாரம் ஒரு தொகையாக, கூலி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

நகைக்கடன் பற்றி ஒரு எச்சரிக்கை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பதில்தான் நகை முழுகிப் போகிறது. அடகுச் சீட்டில் கெடு தேதி எங்கே இருக்கிறது, ஏல அறிவிப்பு எந்த முகவரிக்கு வரும் என்று இரண்டை மட்டும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். வீடு மாறியதால் அறிவிப்பு கைக்கு வராமல் போன சம்பவங்கள் உண்டு.

சீட்டு பற்றியும் கேட்பார்கள். ஏலச் சீட்டு கெட்ட பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அவசரத்துக்குத் தள்ளி எடுக்கவும், கடைசிவரை நின்றால் கழிவுப் பணம் பெறவும் வழி இருக்கிறது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டென்றால் நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையம் வைத்திருப்பார், பதிவாளர் அலுவலகத்தில் புகாரும் செய்யலாம். தெருவில் பிடிக்கும் சீட்டுக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதிகம் போனால் எவ்வளவு போகும், அதைத் தாங்க முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவை அவர்களிடமே விடுங்கள்.

முப்பது, நாற்பது வயதுக் குடும்பத்தாருக்கு நேரம் இருக்காது. சுருக்கமாக முடியுங்கள். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகும் முன் செல்வமகள் கணக்கு தொடங்கலாம், ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம். சம்பாதிப்பவர் இறந்தால் வீடு எத்தனை மாதம் ஓடும் என்ற கேள்வியில் இருந்து காப்பீட்டைத் தொடங்குங்கள். மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும் (ஆண்டுக்கு 436 ரூபாய்) சுரக்ஷா விபத்துக் காப்பீடும் (20 ரூபாய்) தலா இரண்டு லட்சம் தருபவை. பலர் எப்போதோ சேர்ந்திருப்பார்கள். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 456 ரூபாய் இல்லாவிட்டால் புதுப்பிக்கப்படாது. காப்பீடு இருந்தும் பணம் கேட்காமல் விட்ட குடும்பங்களும் உண்டு, ஏனென்றால் கணவர் சேர்ந்தது மனைவிக்குத் தெரியாது. எனவே இந்த வகுப்புக்கு மட்டும் கணவன் மனைவி இருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

ஓய்வு பெறுபவர்கள் நிலைமை தனி. வாழ்நாளில் முதன்முறையாகப் பெரிய தொகை ஒன்றாக வருகிறது, அந்த வாரமே தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் மூன்று மாதம் வங்கியிலேயே வைத்துவிட்டு யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். பிறகு அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்ந்து ஐந்து லட்சம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், பெயரில் 'நிதி' என்று இருக்கும் தனியார் நிறுவனத்துக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. வெளியில் பார்க்க எல்லாம் வங்கி மாதிரிதான் இருக்கும். 2012-இல் ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு கொங்குப் பகுதியில் தவித்தவர்களில் ஓய்வுப் பணத்தைக் கொட்டியவர்களும் உண்டு. வைப்புத்தொகை போடப் போனவர் கையில் காப்பீட்டுப் பாலிசியைக் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. அப்படி வாங்கிவிட்டால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு மோசடிதான் பாடம். 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை, எந்தப் போலீசும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது. இதைச் சொல்லி மட்டும் விடாமல் நடித்துப் பழக்குங்கள். ஒருவர் போலீஸ்காரர் போல அதட்டிப் பேசட்டும், பெரியவர் 'என் மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்' என்று கூறி அழைப்பைத் துண்டிக்கட்டும். மரியாதைக்குப் பழகிய தலைமுறை, பேச்சின் நடுவில் போனை வைக்க அவர்களுக்குக் கை வராது. அதற்குத்தான் இந்தப் பயிற்சி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகளிடமும் தனியாகப் பேசுங்கள்: அப்பா ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால் திட்டக் கூடாது. திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

வாரிசு நியமனத்தையும் அன்றே முடித்துவிடலாம். எல்லாரும் பாஸ்புத்தகத்தோடு வரட்டும், நியமனதாரர் (நாமினி) பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். இறந்துபோனவர் பெயரில் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளைத் தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளம் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தேர்வும் சான்றிதழும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் வந்தவர்களின் பெயருக்கு எதிரே, அவர் செய்யப்போவதாகச் சொன்ன ஒரே ஒரு வேலையை நோட்டில் எழுதி வையுங்கள்: தண்டலை முடித்துவிட்டுக் குழுவில் உள்கடன் வாங்குவது, பி.எஃப்.பை மாற்றுவது, நியமனதாரரைப் பதிவது என்று. மூன்று மாதம் கழித்து நடந்ததா என்று விசாரியுங்கள். நடக்காத வேலைகளில் பாதி, படிவம் கிடைக்காததாலும் கூட வர ஆள் இல்லாததாலும் நின்றிருக்கும். அவர்களுக்கு மறுபடி வகுப்பு வேண்டாம், திங்கட்கிழமை காலை யாராவது ஒருவர் அவர்களோடு வங்கிக்குப் போய்வந்தால் போதும்.